கேட்கிற வார்த்தை புரிந்தால்தான் பதில் வரும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம் இது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுவில் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வாசித்தால் மனம்விட்டுப் பேச வசதியாக இருக்கும்.)



நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை என்று பல பக்கமிருந்தும் பஸ் பிடித்தும் நடந்தும் வந்திருக்கிறீர்கள். இந்தக் கூட்டத்தில் நாம் எப்போதும் பேசுவது சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை, பதிவேடு. இன்றைக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். கேட்டதும் சிலர் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.

வீட்டுக்காரரோடு சேருகிற நேரத்தில் பெண்ணுக்குத் தன்னை அறியாமல் ஒண்ணுக்குப் போய்விடுவது பற்றித்தான் பேசப்போகிறோம். 

நம் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். ஊரும் பேரும் சொல்ல மாட்டோம். பேசச் சொல்லி அனுமதி கொடுத்தவரே அவர்தான். மூன்று பிள்ளை பெற்றவர், காபித் தோட்டத்தில் வேலை. பழ மூட்டை தூக்கினால், இருமினால், தும்மினால் ஒண்ணுக்குக் கசியும். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். அதுவரை சமாளித்துவிட்டார். ஒருநாள் ராத்திரி வீட்டுக்காரரோடு இருக்கும்போதும் அப்படி ஆகிவிட்டது. அவர், "என்ன இது?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அன்றிலிருந்து அக்கா பிள்ளைகளோடு படுக்க ஆரம்பித்தார். இரண்டு வருசம். வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியாது. கோபம், சந்தேகம், குடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

இதற்கு நடுவில் ஒரு முகாம் நடந்தது. கையில் தாளோடு ஒருவர் வரிசையாக எல்லாரையும் கேட்டுக்கொண்டே வந்தார். "உடலுறவின்போது சிறுநீர்க் கசிவு ஏற்படுகிறதா?" அக்கா "இல்லீங்க" என்றார். அவர் "இல்லை" என்று குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிற்பாடு நாங்கள் கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: "சிறுநீர்க் கசிவுன்னா ஆஸ்பத்திரியில டியூப் போட்டுப் பை மாட்டி விடுவாங்களே, அந்த சீக்குன்னு நெனச்சேன். எனக்கு அப்படியெல்லாம் இல்லையே. அதுவுமில்லாம பக்கத்துல என் நாத்தனார் நின்னுக்கிட்டு இருந்தா."

அக்கா பொய் சொல்லவில்லை. கேள்வி அவரிடம் போய்ச் சேரவில்லை. குழுவில் வயதில் மூத்த ஒரு அம்மா அவரைத் தனியாக உட்கார வைத்து, "எனக்கு இருந்துச்சு சாமி. வீட்டுக்காரரோட சேர்றப்ப ஒண்ணுக்குப் போயிருது, உனக்கும் அப்படி இருக்கா?" என்று கேட்டபோதுதான் அழுதுகொண்டே சொன்னார்.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே விஷயம்தான். ஒருவருக்கு "இல்லை", இன்னொருவருக்கு "ஆமாம்". அந்தத் தாளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நம் மலையில் இந்தத் தொந்தரவு யாருக்கும் இல்லை என்றுதான் வரும். இல்லாத நோய்க்கு யார் வைத்தியம் ஏற்பாடு செய்வார்கள்?

இது ஏன் வருகிறது?

நம் இடுப்புக்கு அடியில் தூளி கட்டினது மாதிரி ஒரு தசை இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. தூளிச் சேலை நைந்து போனால் குழந்தை கீழே தொங்கும் அல்லவா, அதுபோல இந்தத் தசை தளர்ந்தால் மூத்திரக் குழாயை இறுக்கிப் பிடிக்க முடியாது. பல பிரசவம், நீண்ட நேரம் முக்கிப் பெற்றது, மாதவிடாய் நின்ற வயது, விடாத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், அதிக பாரம் தூக்குவது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். சர்க்கரை நோயும் மூத்திரத் தொற்றும் தொந்தரவைக் கூட்டும். கர்ப்பப்பை கீழே இறங்குவதும் சேர்ந்தே வரலாம்.

சேரும்போது போவதில் இரண்டு விதம் உண்டு. ஆண் உறுப்பு உள்ளே வரும்போது மூத்திரப்பை அழுத்தப்பட்டுப் போவது ஒன்று. இருமினால் கசிகிறவர்களுக்கு இந்த விதம் அதிகம். பெண்ணுக்கு இன்பம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் போவது இன்னொன்று. மூத்திரப்பை தானாகச் சுருங்குகிறவர்களிடம், அதாவது வந்தால் அடக்க முடியாமல் ஓடுகிறவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் டாக்டர் "எந்த நேரத்தில் போகிறது?" என்று கேட்கிறார். வம்புக்காகக் கேட்கவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். சேரும்போது பெண்ணுக்கு இயல்பாகவே வழவழப்பான ஈரம் வரும். அது மூத்திரமும் இல்லை, சீக்கும் இல்லை.

இது மலைக்காட்டில் இருக்கிற நமக்கு மட்டும் வந்ததா? இல்லை. 1988ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பால் ஹில்டன் என்ற டாக்டர் ஒரு ஆய்வை வெளியிட்டார். மூத்திரக் கசிவு, கர்ப்பப்பை இறக்கம் என்று சிகிச்சைக்கு வந்த பெண்களில், தாம்பத்திய வாழ்க்கை உள்ளவர்களைக் கேட்டபோது 100க்கு 24 பேருக்கு இந்தத் தொந்தரவு இருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு முதல் விதம், மீதிப் பேருக்கு உச்ச நேரத்தில். பலருக்கு இருக்கிறது, ஆனால் தானாக வாய் திறந்து சொல்பவர் அபூர்வம் என்பதையே அவர் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். படித்த, வசதியான நாட்டுப் பெண்களே கேட்டால்தான் சொல்கிறார்கள். நாம் வெட்கப்படுவதில் என்ன அதிசயம்!

ஆகவே கேட்க வேண்டும். ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

கேள்வித்தாளுக்கும் முத்திரை வேண்டும்

தோட்டத்தில் காபிப் பழம் பறித்து வந்து எடை போடுகிறோம். தராசு தப்பாக இருந்தால் என்ன ஆகும்? நாள் முழுக்க உழைத்தது நம் கூலியில் வராது. அதனால்தான் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து அரசாங்கம் முத்திரை போடுகிறது. கேள்வித்தாளும் ஒரு தராசுதான். அது நம் வேதனையை எடை போடுகிறது. அதையும் சோதித்துப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் பெண்களின் மூத்திரத் தொந்தரவுகளுக்கென்று ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து 1996இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து சுருக்கமான தாள்கள் வந்தன. ஐ.சி.ஐ.கியூ. என்ற பெயரில் பல நாடுகளில் இப்போது பயன்படுகின்றன. மூத்திரம் அடிக்கடி வருவது, போவதில் சிரமம், கசிவு ஆகியவை பற்றி 12 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று. தாம்பத்தியம் பற்றித் தனியாக 4 கேள்விகள் கொண்ட தாள் இன்னொன்று. வறட்சியால் வலி இருக்கிறதா, மூத்திரத் தொந்தரவால் தாம்பத்தியம் கெட்டுப்போனதா, சேரும்போது வலிக்கிறதா, சேரும்போது ஒண்ணுக்குப் போகிறதா என்பவைதான் அந்த நான்கும்.

இதையெல்லாம் தமிழில் யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். நம் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில், இலங்கையில் மன்னார் இருக்கிறது. அங்கே மாவட்டப் பொது மருத்துவமனையில் பெண்கள் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த தமிழ்ப் பெண்களிடம் அந்த 12 கேள்வித் தாளைத் தமிழாக்கிச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2017இல் வெளியானது. பெண்களின் மூத்திரத் தொந்தரவைத் தமிழிலேயே கேட்டு அளக்க முடியும் என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

இப்படிப்பட்ட சோதனை எப்படி நடக்கும்? பொதுவாகப் பின்பற்றுகிற படிகளைச் சொல்கிறோம்.

1. தாளை உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

2. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழில் எழுதுவார்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள்.

3. ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார். அர்த்தம் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

4. டாக்டர், நர்சு, மொழி தெரிந்தவர் எல்லாரும் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள்.

5. 30, 40 பெண்களிடம் கேட்டுப் பார்ப்பார்கள். பதிலை மட்டும் வாங்காமல், "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிந்தது? உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள்.

6. அதன்பிறகு நிறையப் பெண்களிடம் கேட்பார்கள். தொந்தரவு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மதிப்பெண் வேறுபட வேண்டும். உடம்பில் மாற்றம் இல்லாதவரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால் ஏறக்குறைய அதே பதில் வர வேண்டும். வைத்தியம் பார்த்துக் குணமானவருக்கு மதிப்பெண் குறைய வேண்டும். 

இதில் ஐந்தாவது படிதான் நம்முடைய படி. நம் அக்காவிடம் கேட்ட கேள்வியைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இருக்காது. புத்தகத்தில் சரி. மலையில்தான் புரியவில்லை. படித்தவர் நாலு பேர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, பதில் சொல்கிறவளும் சரி என்று சொல்ல வேண்டும்.

நம் மலையின் பேச்சு

சென்ற மாதம் நாங்கள் சிலர் உட்கார்ந்து, இந்த விஷயத்துக்கு நம் பக்கம் என்னென்ன வார்த்தை சொல்கிறோம் என்று பேசிப் பார்த்தோம். ஆய்வு ஒன்றும் இல்லை, டீ குடித்துக்கொண்டே பேசியதுதான். 

"தண்ணி போகுது" என்று ஒருவர் சொன்னார். அதற்கு மூன்று அர்த்தம் வந்தது. ஒருவர் வெள்ளைப்படுவது என்றார். இன்னொருவர் பிரசவத்தில் பனிக்குடம் உடைவது என்றார். மூன்றாமவர்தான் ஒண்ணுக்கு என்றார். அப்படியானால் "நீர் கசிகிறதா" என்று கேள்வி வைத்தால் மூன்று விதப் பதிலும் ஒரே தாளில் கலந்துவிடும்.

இலங்கைத் தமிழில் மூத்திரத்தைச் "சலம்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. நம் பக்கம் புண்ணில் வைக்கிற சீழைத்தான் சலம் என்கிறோம். "சலம் போகுதா" என்று இங்கே கேட்டால், "ஐயோ, புண்ணெல்லாம் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். ஒரே தமிழ்தான், கடல் தாண்டினால் சொல் மாறுகிறது. ஆகவே வேறு ஊரில் சரிபார்த்த தாளையும் நம் ஊரில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எடுப்பதே நல்லது.

"உடலுறவு" என்பது பேப்பரிலும் டி.வி.யிலும் வருகிற வார்த்தை, நம் வாயில் வராது. "வீட்டுக்காரரோட சேர்றது", "ஒண்ணா இருக்கிறது" என்கிறோம். இதில் "ஒண்ணா இருக்கிறது" என்றால் ஒரே வீட்டில் குடியிருப்பது என்றும் ஆகும். "சேர்றது" தெளிவாக இருந்தது. "ஒண்ணுக்கு" எல்லாருக்கும் புரிந்தது.

பதிலிலும் சிக்கல் உண்டு. "எப்போதாவது", "சில நேரங்களில்" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பாட்டி கேட்டார். எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. "பத்து தடவை சேர்ந்தா எத்தனை தடவை?" என்று கேட்டதும் உடனே சொன்னார். எவ்வளவு வேதனை என்பதை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொல்கிற கேள்வியும் அந்தத் தாள்களில் உண்டு. எண்ணாகக் கேட்டால் தடுமாறுகிறோம். பத்துக் காபிக் கொட்டையைக் கையில் கொடுத்து, "உங்க வேதனை எவ்வளவோ அத்தனையை இந்தப் பக்கம் வையுங்க" என்றால் வைத்துவிடுகிறோம். மக்கள் பங்கேற்புப் பயிற்சியில் புளியங்கொட்டை வைத்துச் செய்தது நினைவிருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்படி மாற்றுவதை நாமாகச் செய்துவிடக் கூடாது. தராசில் கல்லை மாற்றினால் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். ஆய்வு செய்ய வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், அவர்கள் சோதித்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். "இப்போது தாம்பத்திய உறவு இல்லை" என்று ஒருவர் சொன்னால், பல பேர் அந்தப் பக்கத்தையே திருப்பிவிடுவார்கள். நம் அக்காவும் இரண்டு வருசமாக இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அவர் விலகியதற்குக் காரணமே இந்தக் கசிவுதான்! யாருக்கு அதிகம் பாதிப்போ அவரையே தாள் விட்டுவிடுகிறது. இதை உணர்ந்துதான் 2013இல் வெளியான பிஸ்க்-ஐ.ஆர். என்ற கேள்வித்தாளில், உறவு இல்லாத பெண்களுக்கும் தனிப் பகுதி வைத்து, ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். கணவர் இறந்துவிட்டதால் இல்லையா, விருப்பம் இல்லையா, வலியா, கசிவா என்று தெரிந்தால்தானே உதவ முடியும்?

தாளோடு யாராவது வந்தால்

நம் ஊருக்கு ஆய்வு, முகாம், கணக்கெடுப்பு என்று யாராவது வந்தால் கீழே சொல்வதை நினைவில் வையுங்கள்.

• எதற்காகக் கேட்கிறீர்கள், யார் படிப்பார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.
• தனி இடத்தில், பெண் ஒருவர் கேட்கும்படி சொல்லலாம். மாமியார், நாத்தனார், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டாம்.
• விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம். அதற்காக வைத்தியத்தையோ உதவியையோ யாரும் நிறுத்தக் கூடாது.
• புரியவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லாதீர்கள். "புரியலை, வேற மாதிரி கேளுங்க" என்று சொல்லுங்கள். அது அறியாமை இல்லை, உதவி.
• நம் உறுப்பினர்களே கணக்கெடுக்கப் போனால், கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது.

வைத்தியம் இருக்கிறது

வயசானால் அப்படித்தான், பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று சொல்வதை விட்டுவிடுவோம்.

முதல் வைத்தியம் பயிற்சி. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948இல் எழுதி வெளியிட்டது. காசு வேண்டாம். ஒண்ணுக்கு வரும்போது அடக்குகிறோம், காற்றுப் பிரியாமல் அடக்குகிறோம் அல்லவா, அந்தத் தசையை உள்ளே மேலே இழுத்துப் பிடியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வயிறு, தொடை, பிட்டம் இறுக வேண்டாம். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை. குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். உட்கார்ந்தும் படுத்தும் செய்யலாம், குழுக் கூட்டத்தில் தீர்மானம் படிக்கும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது! ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம்.

சேருவதற்கு முன்னால் ஒண்ணுக்குப் போய்விட்டு வாருங்கள். எந்த நிலையில் இருந்தால் அழுத்தம் குறைகிறது என்று இரண்டு பேரும் பேசிப் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவுக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், தொற்றும் மலச்சிக்கலும் வந்து தொந்தரவு கூடும். மலச்சிக்கலையும் இருமலையும் கவனியுங்கள்.

பயிற்சியில் சரியாகவில்லை என்றால் மருந்து உண்டு. கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வைக்கிற வளையம் உண்டு. தேவைப்பட்டால் ஆபரேஷன் உண்டு. யாருக்கு எது என்பதை டாக்டர் பரிசோதித்துச் சொல்வார். முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். மேல் சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மூத்திரத்தில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், மூத்திரம் வராமல் அடைப்பு இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே போக வேண்டும். பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு இரவும் பகலும் நிற்காமல் ஒழுகினால் அது வேறு வகை, உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். அதையும் சரி செய்ய முடியும், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் அக்கா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். செவிலியரிடம் போனார், டாக்டரைப் பார்த்தார், பயிற்சியை விடாமல் செய்கிறார். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் மூட்டை தூக்கும்போது துணி வைப்பதை நிறுத்திவிட்டார். அதைவிடப் பெரிசு, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்கா ரெண்டு வருசம்? எம்மேல வெறுப்புன்னு நெனச்சேன்" என்றாராம். 

அந்த இரண்டு வருசத்தை யாரும் திருப்பித் தர முடியாது. முகாமில் அன்றைக்கே அந்தக் கேள்வியை நம் வார்த்தையில், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சில மாதங்களாவது மிச்சமாகியிருக்கும்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்தை வாசியுங்கள். யாரையும் "உனக்கு இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். உங்கள் பக்கம் இதற்கு என்ன வார்த்தை சொல்கிறீர்கள் என்று மட்டும் பேசி எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நாளைக்கு நம் மலைக்கு இப்படி ஒரு கேள்வித்தாள் வந்தால், அந்த வார்த்தைகளை நாம் எடுத்துக் கொடுப்போம். மனசுக்குள் வைத்திருக்கிற ஒருத்தி அதைக் கேட்டுவிட்டுத் தானாக வந்து சொன்னால், அவளோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள்.